ஹென்றி சொன்ன சாட்சி

சிதம்பரத்துக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டி இருந்த நற்பண்பு மகளிர் கலை அறிவியல் கல்லூரியில், ஆண் யாராவது உள்ளே வந்தால் மணி அடிப்பார்கள். தண்ணீர் லாரிக்காரர் வந்தாலும் அடிப்பார்கள், ஃபேன் ரிப்பேருக்கு ஆள் வந்தாலும் அடிப்பார்கள். சத்தம் கேட்டதும் மாணவிகள் நின்ற இடத்திலேயே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். சுவர் இல்லாத இடத்தில் நிற்பவர்கள் மரத்தைப் பார்க்கலாம் என்று பிற்பாடு ஒரு சுற்றறிக்கை வந்தது. வந்த ஆண் வெளியே போனதும் இன்னொரு மணி. ஒருமுறை பிளம்பர் ஒருவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். இரண்டாவது மணியை யாரும் அடிக்கவில்லை. பி.காம். முதலாண்டு மாணவிகள் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த வகுப்புக்கு அந்த ஆண்டின் ஒழுக்கக் கேடயம் கிடைத்தது.

தாளாளர் அறிவழகனும் ஆண்தான். ஆனால் அவர் எல்லாருக்கும் தகப்பன் ஸ்தானம் என்பதால் அவருக்கு மணி கிடையாது.

இந்த ஏற்பாடுகளைக் கவனிக்க ஒழுக்க மேன்மைக் குழு என்று ஒன்று இருந்தது. முதல்வர் முனைவர் சந்திரலேகா அதன் தலைவர். விடுதிக் காப்பாளர் கலைமணி அதன் செயலாளர். கலைமணி மாணவிகளை முகத்தைப் பார்த்து அறிவதில்லை. அடையாள அட்டையைப் பார்ப்பார், எண்ணைப் படிப்பார், தலையாட்டுவார். முகத்தைப் பார்த்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் கண்டிப்பு போய்விடும் என்பது அவர் கொள்கை.

சிந்துஜா ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. ஊர் மேல்பட்டாம்பாக்கம். அப்பா சாமிக்கண்ணுவுக்குக் கடலூரில் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் சிந்துஜாதான். மிதிப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு நடந்திருந்தது. சேத்தியாத்தோப்பு மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தன் மகனுக்கு அவளைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருந்தார்: "படிக்கட்டும், வேணாங்கல. ஆனா ஹாஸ்டல்லேர்ந்து ஒரு சின்ன பேச்சு என் காதுல வுழுந்தாலும் அன்னிக்கே புள்ளய கூட்டியாந்துடணும். தையில கல்யாணம்."

அந்த ஒரு சின்னப் பேச்சு எங்கிருந்து வருமோ என்று சிந்துஜா சேர்ந்த நாளிலிருந்து பயந்துகொண்டே இருந்தாள். சாலையில் ஐஸ் வண்டி மணி அடித்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள்.

இப்படிப்பட்டவள் மீசை வைக்க நேர்ந்த கதை இது.

கல்லூரியைப் பார்த்து மதிப்பெண் போட தில்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. கலைநிகழ்ச்சி வேண்டும், அதில் ஒன்றாவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றார் தாளாளர். ஆங்கிலத் துறையில் தற்காலிகப் பணியில் இருந்த ரேகா மேடம் ஒரு நாடகம் எழுதினார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து. ராஜாவுக்குப் புத்தி பேதலித்துப்போய், மகன் ஆட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஹென்றியெட்டா என்ற பெண்ணை ஒரு கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். அவள் கோட்டும் காலுறையும் மாட்டிக்கொண்டு, ஹென்றி என்ற பெயரில் ஓடிப்போய் ஒரு பிரபுவிடம் காரியதரிசியாகச் சேர்கிறாள். பிரபுவுக்கு அந்தக் காரியதரிசிமேல் இனம்புரியாத பிரியம். கடைசியில் உண்மை தெரிந்து கல்யாணம்.

முதல்வர் சந்திரலேகா கதையைக் கேட்டுவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

"மேடையில நிக்கிறது ஆம்பளயா, பொம்பளயா?"

"பொம்பளதான் மேடம். ஆம்பள வேஷத்துல இருக்குற பொம்பள."

"அந்த வேஷத்த போடுறது?"

"நம்ம ஸ்டூடண்ட் மேடம். பொம்பள."

"அந்தப் பிரபு?"

"அதுவும் நம்ம ஸ்டூடண்ட்தான்."

"அப்ப ஆம்பள எங்க வர்றான்?"

"வரவே இல்ல மேடம்."

"வரவே வராதவனுக்கு எதுக்கு மீச?"

மீசை கூடாது, பிரபுவும் ஹென்றியெட்டாவும் நாலடி தள்ளியே நிற்க வேண்டும், கடைசியில் கல்யாணம் செய்துகொள்ளாமல் பெண்கல்விக்குப் பாடுபடுவதாக உறுதி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

பிரபுவாகச் சிந்துஜாவின் அறைத்தோழி ஸ்ரீமதி. ஹென்றியெட்டாவாகச் சிந்துஜா. சிந்துஜாவைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் அவள் தலை. முதலாண்டு அரியர் இல்லாமல் மகள் பாஸ் ஆனால் முடி இறக்குவதாக அம்மா மங்கலம் வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொண்டது அம்மா, இறக்கியது மகள். ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் போட்ட மொட்டை இப்போது கிராப்பாக வளர்ந்திருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டு சிந்துஜா எந்நேரமும் துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டே திரிந்ததால் அது அறைத்தோழிகளுக்கு மட்டும்தான் தெரியும். ரேகா மேடத்திடம் சொல்லிக்கொடுத்தது ஸ்ரீமதி.

இங்கிலாந்துக் கோட்டு கடலூரிலிருந்து வந்தது. கல்யாணங்களுக்கு வாசிக்கும் ஒரு பேண்டு வாத்தியக் குழுவின் பழைய கோட்டு அது. தோளில் தங்கச் சரிகை. பின்னால் வால் மட்டும் தையற்காரர் வைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு சிந்துஜா நின்றபோது ரேகா மேடத்தின் உள்ளிருந்த கலைஞர் விழித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவ மீச வெச்சுப் பாத்துரலாம். ஒத்திகையிலதான. யாருக்குத் தெரியப் போவுது?"

நாடகப் பசை கிடைக்கவில்லை. செருப்புக்குப் போடும் பசை கிடைத்தது. அதை வைத்தே ஹென்றிக்கும் பிரபுவுக்கும் மீசை ஒட்டினார்.

சனிக்கிழமை மதியம், விடுதியை ஒட்டிய பழைய கூடத்தில் ஒத்திகை. கத்திக் கத்தி வசனம் பேசியதில் சிந்துஜாவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ரேகா மேடத்துக்கு வீட்டிலிருந்து போன் வர, அவர் மாடிப்படிப் பக்கம் ஒதுங்கினார். சிந்துஜா தண்ணீர் குடிக்கக் குழாயடிக்கு வந்தாள். குனிந்து குடித்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரில் காப்பாளர் கலைமணி நின்றிருந்தார்.

கலைமணி அலறவில்லை. அலறுவதற்கு விதியில் இடமில்லை. விறுவிறு என்று நடந்துபோய் மணியை அடித்தார். விடுதி முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பியது. பழக்கதோஷத்தில் சிந்துஜாவும் திரும்பிக்கொண்டாள். அப்படித் திரும்பி நின்றதால் காவல்காரர் ராஜாமணி வந்து அவளைப் பிடிப்பது எளிதாக இருந்தது.

முதல்வர் அறையில் குழு கூடியது.

"மேடம், நான் சிந்துஜா. செகண்ட் இயர் இங்கிலீஷ். டிராமாவுல நடிக்கிறேன். தண்ணி குடிக்கத்தான் வந்தேன்."

குரல் கரகரத்து வந்தது. கலைமணி முதல்வரைப் பார்த்தார். "பாத்தீங்களா மேடம்? பொண்ணு பேரு, படிக்கிற கிளாஸ் மொதக்கொண்டு தெரிஞ்சு வெச்சிருக்கான்."

"நெஜமாத்தான் மேடம். என் ரோல் நம்பர் வேணா சொல்றேன்." சொன்னாள்.

"நம்பரும் தெரியுது."

"மாடியில கடைசி ரூம் மேடம். ஜன்னலோரக் கட்டில்."

முதல்வர் சந்திரலேகா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கட்டில் வரைக்கும் போயிருக்கான்."

"காலையில பொங்கல் போட்டாங்க மேடம். சட்னி புளிச்சிருந்துது."

"அப்ப இன்னிக்கு வந்தவன் இல்ல," என்றார் கலைமணி.

சிந்துஜா கோட்டுப் பையில் கைவிட்டு அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். கலைமணி அதை வாங்கிப் பார்த்தார். படத்தில் ரெட்டைச் சடையுடன் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். "பொண்ணோட ஐ.டி. கார்டு இவன் பாக்கெட்டுல இருக்குது. நினைவுப் பொருளாக் குடுத்திருக்கா."

சிந்துஜா மீசையைப் பிய்க்கப் பார்த்தாள். தோல்தான் வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அவ பேர எடுத்ததும் அழுவுறான் பாருங்க," என்றார் கலைமணி. அவர் குரலில்கூட லேசான இரக்கம் தெரிந்தது.

தொட்டுச் சோதித்துவிடலாமா என்ற பேச்சும் வந்தது. ஆணைப் பெண் ஊழியர் தொட்டுச் சோதிக்க விதியில் இடமில்லை. பெண் என்றால் சோதிக்கலாம். ஆனால் பெண்தானா என்று தெரிய முதலில் சோதிக்க வேண்டும். குழு இதைச் சற்று நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனது.

அதற்குள் ஸ்ரீமதி தன் மீசையை எப்படியோ பிய்த்து எறிந்துவிட்டு ஓடிவந்தாள். "மேடம், அது எங்க சிந்துஜா மேடம். எனக்கு நல்லாத் தெரியும்."

"உனக்கு இவன நல்லாத் தெரியுமா? எவ்ளோ நாளா?"

"சேந்த நாள்லேர்ந்தே மேடம்."

"ரெண்டாவது பொண்ணு," என்றார் முதல்வர். கலைமணி குறித்துக்கொண்டார்.

யார் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெண்ணும் சேர்த்து மாட்டுவாள் என்று அப்போதுதான் சிந்துஜாவுக்கு உறைத்தது. கடைசியாக ரேகா மேடத்தைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே வந்தார். கோட்டைப் பார்த்தார். அனுமதிக்கப்படாத மீசையைப் பார்த்தார். சிந்துஜாவின் கண்ணைப் பார்த்தார்.

"ரேகா, இது உங்க டிராமாவுல நடிக்கிற பொண்ணுன்னு சொல்றான். நம்ம டிராமாவுலதான் மீசையே கெடையாதே?"

ரேகா மேடத்தின் உதடு நடுங்கியது. "கெடையாது மேடம்."

"அப்ப இது யாரு?"

"எனக்கு... இங்க வெளிச்சம் சரியாத் தெரியல மேடம்."

ஜன்னல் வழியாக மதிய வெயில் மேஜைவரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது.

சிந்துஜாவின் அப்பாவுக்குப் போன் போட்டார்கள். "உங்க பொண்ணு ஒரு பையன ஹாஸ்டலுக்குள்ள வரவெச்சுட்டு ஓடி ஒளிஞ்சிருக்கா. ஒடனே வாங்க." அந்தப் பக்கம் அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டு, பிறகு நின்றுபோனது. சிந்துஜாவுக்குச் சேத்தியாத்தோப்பு மாமாவின் முகம் கண்முன் வந்தது. பக்கத்தில் அவர் மகனின் முகமும் வந்தது.

பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். "இரண்டாம் ஆண்டு ஆங்கிலம், சிந்துஜா எங்கிருந்தாலும் உடனே முதல்வர் அறைக்கு வரவும்."

"வந்துட்டேன் மேடம்," என்று முன்னால் வந்தாள்.

"நீ சும்மா இரு," என்றார் முதல்வர்.

ஒரு மணி நேரம் கழித்துத் தாளாளர் அறிவழகன் வந்து சேர்ந்தார். நாலு பஸ், இரண்டு அரிசி ஆலை, மூன்று கல்லூரிக்குச் சொந்தக்காரர். அறைக்குள் நுழைந்ததும் முதலில் கோபப்பட்டார்.

"என்னாம்மா இது, பையன நிக்க வெச்சிருக்கீங்க?"

நாற்காலி வந்தது. சிந்துஜா நுனியில் உட்கார்ந்தாள். இந்த அறைக்கு அவள் ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறாள், விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க. இங்கே வந்து நிற்பவர்கள் உட்கார ஒரு நாற்காலி உண்டு என்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

"வெயில்ல கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்காப்ல. யாராவது காப்பி கொண்டாங்க. தம்பி, பேரென்னா?"

சிந்துஜா என்று சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் ஆனது. வேறு பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஹென்றி," என்றாள்.

"நல்ல குடும்பம்தான் போல. பயப்படாத. போலீசு கீலீசுன்னு போவ மாட்டேன். வயசு அப்பிடி." தாளாளர் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார். "நான் பி.யு.சி. படிக்கிறப்ப லேடீஸ் ஹாஸ்டல் காம்பவுண்டு ஏறிக் குதிச்சேன். காலு ஒடஞ்சுபோச்சு. இன்னிக்கும் மழைன்னா வலிக்கும். எங்கப்பா என்னை ஒரு அடி அடிச்சிருப்பாரா? மாட்டாரு. நேரா அந்தப் பொண்ணு வூட்டு வாசல்ல போயி நின்னு சத்தம் போட்டுட்டு வந்தாரு. அந்தப் பொண்ணு படிப்ப அதோட நிறுத்திட்டாங்க. நான் படிச்சு மூணு காலேஜ் கட்டிட்டேன். அன்னிக்கு எங்கப்பா அவசரப்பட்டு என்னை அடிச்சிருந்தாருன்னா, இத்தன பொண்ணுங்க இன்னிக்கு எங்க படிப்பாங்க? சொல்லு."

முதல்வரும் காப்பாளரும் நெகிழ்ந்து தலையாட்டினார்கள். சிந்துஜாவும் ஆட்டினாள். ஆட்டாமல் இருக்கப் பயமாக இருந்தது.

"ஆம்பளைக்கு எதிர்காலம்னு ஒண்ணு இருக்குது பாரு, அத நாம கெடுத்துரக் கூடாது. பொண்ணு விஷயம் வேற. அவளுக்கு டி.சி. குடுத்துருங்க. கண்டிச்சு வளக்காத பொண்ணு ஒண்ணு இருந்தா, பாவம், வழியில போற பையனெல்லாம் கெட்டுப்போவான். தம்பி, என்னா படிச்சிருக்க? வடலூர்ப் பக்கம் நம்ம இன்ஜினியரிங் காலேஜ் இருக்குது. சீட்டு காலியாத்தான் கெடக்குது. பீஸ்ல பாதி தள்ளிக்கலாம்."

காப்பி வந்தது. மீசையில் படாமல் குடிக்கத் தெரியாமல், கை நடுங்க, சிந்துஜா அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பாதி டம்ளர் குடித்திருப்பாள். கதவுக்கு வெளியே மணி அடித்தது. அப்பா வந்துவிட்டார்.

சாமிக்கண்ணு கடைச் சட்டையோடே பஸ் ஏறியிருந்தார். மார்புப் பக்கம் கிரீஸ் கறை. கதவோரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. சிந்துஜா எழுந்திருக்கப் பார்த்தாள். தாளாளர் அவள் தோளைப் பிடித்து அழுத்தினார். "நீ எதுக்கு எந்திரிக்கிற? உக்காரு."

"நீங்கதான் பொண்ணோட அப்பாவா? என்னா வளத்திருக்கீங்க? இவுரு ஒரு வார்த்த தப்பாப் பேசல, அழுதுகிட்டே உக்காந்திருக்காரு. உங்க பொண்ணு இவர மாட்டிவுட்டுட்டு ஓடிட்டா. அவ எங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சாமிக்கண்ணு நாற்காலியில் இருந்த ஆளைப் பார்த்தார். கோட்டு, சரிகை, கிராப், மீசை, கையில் காப்பி டம்ளர். நிதானமாகப் பார்த்தார். இதோ சொல்லப்போகிறார், இந்தக் கூத்து இத்தோடு முடியப்போகிறது என்று சிந்துஜா நினைத்தாள்.

"தெரியலீங்க," என்றார் அப்பா.

அதுவரைக்கும் இருந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை. பெற்றவருக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் இனி யாருக்குத் தெரியும்? ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியோ, சிந்துஜா என்ற ஒருத்தி வேறெங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தாளாளர் டி.சி.க்கான வாசகத்தைக் கலைமணியிடம் சொல்ல ஆரம்பித்தார். சாமிக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டு, குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஐயா, பொண்ணு சொல்றத நம்ப வேணாம். நான் சொல்றதயும் நம்ப வேணாம். இந்தத் தம்பிய ஒரு வார்த்த கேட்டுடுங்க. எம் பொண்ணு இவர வரச்சொன்னாளா, இல்லியான்னு."

தாளாளருக்கு அது நியாயமாகப் பட்டது. "கேப்போம். ஆம்பளப் புள்ள, கேட்டா மறைக்காம சொல்லிடுவாப்ல. சொல்லு ஹென்றி."

சிந்துஜா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிந்துஜா ஒரு தப்பும் செய்யல சார்," என்றாள். குரல் கரகரத்தது. "யாரும் என்னைக் கூப்புடல. ஸ்ரீமதியும் கூப்புடல. நான் தண்ணி குடிக்கத்தான் குழாயடிக்கு வந்தேன்."

"பாத்தீங்களாம்மா?" தாளாளர் முதல்வர் பக்கம் திரும்பினார். "வெளிப்படையா சொல்லிட்டாப்ல. தண்ணி தாகம். இதப் போயி என்னா பெருசு பண்ணிட்டீங்க?"

தண்ணீர் குடிக்க வந்ததாகச் சிந்துஜா இந்த அறைக்குள் கொண்டுவரப்பட்டதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அதைச் சொன்னது சிந்துஜா. கலைமணி இரண்டு பெண்களின் பெயரையும் அடித்துவிட்டார். பெண் வந்ததும் கண்டித்து அனுப்பினால் போதும் என்று முடிவாயிற்று.

"இந்தத் தம்பிய நான் பஸ் ஏத்தி வுட்டுடறேங்க," என்றார் சாமிக்கண்ணு.

"வுடுங்க. ஆனா கை கிய் வெச்சீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்." தாளாளர் எழுந்துவந்து சிந்துஜாவின் கையைக் குலுக்கினார். "அட்மிஷனுக்கு வா."

காவல்காரர் ராஜாமணி சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். கேட்டைத் தாண்டி, கல்லூரிச் சுவர் கண்ணுக்கு மறையும்வரை அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் பின்னால் போகவும் பயம், நிற்கவும் பயம். சாலை வளைவில் அவர் நின்றார்.

"கோட்டு பட்டன போடு பாப்பா," என்றார். "புழுதி அடிக்குது."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

டீக்கடை ஒன்றில் தேங்காயெண்ணெயும் வெந்நீரும் வாங்கி, கடைக்குப் பின்னால் அவளை உட்காரவைத்து, ரோமம் ரோமமாக மீசையை எடுத்தார். எடுத்து முடிக்கும்போது மேலுதடு செக்கச்சிவந்து வீங்கியிருந்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பையனுக்கு மீச வேணாமாமா?" என்று கேட்டார். "இப்போதைக்கு வேணாமாம்," என்றார் அப்பா. பக்கத்துத் துணிக்கடையில் ஒரு சுடிதார் வாங்கிவந்தார். இரண்டு சிந்துஜா போகலாம், அவ்வளவு பெரிது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் சிந்துஜா முக்காடு போட்டுக்கொண்டு முதல்வர் அறையில் நின்றாள். அத்தை வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"அந்தப் பையன் யோக்கியன். அதனால தப்பிச்ச," என்றார் முதல்வர். "அவன் இடத்துல வேற எவனாவது இருந்திருந்தா உன் பேரச் சொல்லிட்டுப் போயிருப்பான். இனிமே அவன எங்கியும் பாக்கக் கூடாது, பேசக் கூடாது. சத்தியம் பண்ணு."

சிந்துஜா முதல்வரின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ரேகா மேடம் மறுநாள் மாடிப்படியில் அவளை மறித்து, சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரென்யூவல் இந்த மாசம் சிந்துஜா. வூட்டுக்காருக்கு வேல இல்ல. எனக்கு நீதான்னு தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல." அழுதார். சிந்துஜாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நடுக்கம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கமாக இருந்தது. "போங்க மேடம், யாராவது பாத்துரப் போறாங்க," என்றாள்.

தில்லிக் குழு வந்தது. பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். நாடகம் நடந்தது. சிந்துஜாவுக்கு மேடை கூடாது என்று உத்தரவானதால் வேறொருத்தி ஹென்றியெட்டாவாக வந்தாள். கோட்டும் கூடாது. அதனால் சேலை கட்டிக்கொண்டு, கழுத்தில் 'ஆண்' என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். கடைசிக் காட்சியில் அட்டையைக் கழற்றி, நாலடி தள்ளி நின்ற பிரபுவைப் பார்த்து, "நான் பெண்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஸ்ரீமதி நெஞ்சில் கைவைத்து, "நீ வந்த அன்றே எனக்குத் தெரியும்," என்றாள். பிறகு இருவரும் பெண்கல்விக்குப் பாடுபட உறுதி எடுத்துக்கொண்டார்கள்.

தாளாளர் அறிவழகன் நிறைவுரை ஆற்றினார்.

"எங்கள் மாணவிகளின் ஒழுக்கத்துக்கு நாங்களே சான்று சொல்லிக்கொள்வதில்லை. அண்மையில் ஒரு சோதனை வந்தது. ஒரு மாணவிமேல் சந்தேகம். அவள் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. ஏனென்றால் நாங்கள் நடுநிலையானவர்கள். வெளியிலிருந்து வந்த ஓர் இளைஞன், உயர்ந்த குணமுடையவன், என் முன்னால் உட்கார்ந்து சொன்னான்: அவள் ஒரு தவறும் செய்யவில்லை என்று. ஓர் ஆணே ஒப்புக்கொண்டு சான்று கொடுத்த மகளிர் கல்லூரி இந்தியாவில் வேறெங்காவது உண்டா?"

தில்லிக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள். அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். சிந்துஜாவும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் கலைமணி திரும்பிப் பார்ப்பாரோ என்று பயமாக இருந்தது. கடைசி வரிசையில் அப்பாவும் தட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிட அனுமதி வாங்கிக்கொண்டு சாலைவரைக்கும் வந்தாள். கடலூர் பஸ்ஸைக் காணவில்லை. நாடகத்தில் ஸ்ரீமதி சொன்ன அந்தக் கடைசி வசனம் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்பா, அன்னிக்கு ரூமுக்குள்ள வந்தப்ப என்னைத் தெரிஞ்சுதா, தெரியலியா?"

"கதவத் தொறக்கும்போதே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் தெரியலன்னு சொன்னீங்க? நான் செத்தே போயிட்டேன்."

சாமிக்கண்ணு சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன் பாப்பா. நீ நாற்காலியில உக்காந்திருந்த. பொண்ணுன்னு சொல்லிட்டா எங்க எழுப்பி வுட்டுருவானுங்களோன்னு பயந்துட்டேன். காப்பி வேற குடுத்திருந்தானுங்க. பாதிதான் குடிச்சிருந்த."